சூரை மீனும் நாட்டின் உணவும்

உணவுத் தேவை என்றதும் நம் நினைவு வயலை நோக்கியே செல்கிறது. நெல்லும் கோதுமையும் பசியைத் தணிக்கின்றன. ஆயினும் உடலை வளர்க்கும் புரதத்தை அவை மட்டும் போதிய அளவில் தருவதில்லை. அதனை அளிக்கவல்ல செல்வங்களுள் ஒன்று நம் கடலில் உள்ள சூரை மீன். நூறு கிராம் சூரையில் இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு.

1976-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வாயிலாக, கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள வளங்களுக்கு நாம் உரிமை பெற்றோம். அப்பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர். எனினும், உரிமை வேறு, உணவு வேறு. கடலில் திரியும் மீன் உண்கலத்தை அடையும் வழியையே நாம் இங்குச் சிந்திக்க வேண்டும்.

இலட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காயில் இதற்கு நெடுநாளைய வழியொன்று உண்டு. அங்குள்ளோர் காயலில் பொடிமீன்களைப் பிடித்து, படகிலுள்ள தொட்டியில் உயிருடன் வைத்துக்கொள்கின்றனர். சூரைக் கூட்டம் தென்பட்டதும் அவற்றை இரையாக வீசி, கழியும் தூண்டிலும் கொண்டு மீனை ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகின்றனர். வலைபோல் இது வேண்டாத உயிர்களை வாரிக்கொண்டு வருவதில்லை. பிடித்த மீனை அறுத்து, வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால் கட்டைபோல் இறுகிய மாசி கிடைக்கும். பனிக்கட்டியின்றியே அது பல மாதம் கெடாதிருக்கும். 1969-இல் அத்தீவில் சூரையை டப்பாவில் அடைக்கும் ஆலையும் தோன்றியது.

பச்சை மீனாக விற்பதாயின் கவனம் மிகுதியும் வேண்டும். சூரையின் உடல், சூழ்ந்துள்ள நீரினும் சற்று வெப்பமானது; ஆதலின் விரைவில் கெடும். வெப்பத்தில் கிடந்த சூரையில் தோன்றும் நச்சுப்பொருள் சமைத்தாலும் நீங்காது. பிடித்தவுடனே குருதியை வடித்து, குடலை நீக்கி, பனிக்கட்டியில் இடுதல் இன்றியமையாதது. படகில் குளிர் அறையும், துறையில் பனிக்கட்டியும், சந்தை வரை குளிர் வண்டியும் இல்லையேல், பெருகிய மீன்பிடிப்பு பெருகிய இழப்பாகவே முடியும்.

அயல்நாட்டு விற்பனை மீனவருக்கு நல்ல விலையைத் தரலாம். அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் தரமானது கப்பலேறி, தரங்குன்றியது மட்டும் உள்ளூர்ச் சந்தைக்கு வருமாயின், நாட்டின் உணவுத் தேவை நிறைவேறாது.

சூரை எல்லை அறியாது பல நாட்டுக் கடல்களில் உலவுவது. அதனைக் காக்கவே 1996-இல் இந்துமாக்கடல் சூரை ஆணையம் அமைந்தது; நம் நாடும் அதில் உறுப்பினர். அளவறிந்து பிடித்து, பிடித்ததைக் கெடாது காத்து, எளியோரும் வாங்கும் விலையில் வழங்குவோமாயின், வயலுக்குத் துணையாகக் கடலும் நம்மை ஊட்டும்.