வார நாள் வாடிக்கையாளர்

(பொன்விழாக் கூட்டத்தில் இளம் வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)



கேமரன் மலையில் கடை நடத்தும் இளையவர்கள் சார்பில் பேசும்படி பணித்தீர்கள். ஆகவே இந்த உரை முழுவதும் "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதிக்கு வந்தார். 1929-இல் போ தேயிலைத் தோட்டமும் 1933-இல் பாரத் தோட்டமும் தொடங்கின. கொழுந்து பறிக்கத் தமிழகத்து மக்கள் வந்தார்கள். மக்கள் இருக்கும் இடத்தில் அரிசி, பருப்பு, கைலி, கம்பளி எல்லாம் வேண்டுமே. தாப்பா சாலையின் வளைவுகளைக் கடந்து நம்மவர் கடைகளும் மலை ஏறின.

எங்கள் அத்தாமார் காலத்து வியாபாரம் 555 கணக்குப் புத்தகத்தில் நடந்தது. மாதம் முழுவதும் கடன். சம்பள நாளன்று வரவு. யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் கல்யாணம் என்பதைக் கல்லாவில் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள்.

இன்று நிலைமை வேறு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமை பெற்றது. அதற்குப் பிறகு சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் புதுச்சாலை வந்தது. மலைக்கும் ஈப்போவுக்கும் தூரம் குறைந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து, ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். லயங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் குடியேறினார்கள். எங்களிலும் சிலர் பிள்ளைகளின் படிப்புக்காக ஈப்போவில் வீடு எடுத்தோம். அங்கே உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்த நாட்களிலேயே அந்த ஊர் பழகிவிட்டது. குடும்பம் கீழே, கடை மேலே. மழைக்காலத்தில் மண் சரிந்தால் கடைக்குச் சரக்கும் வராது, வீட்டுக்கு நாங்களும் போக முடியாது. பிள்ளை காய்ச்சலில் கிடந்த இரவுகளில் தொலைபேசியில் மட்டும் அத்தாவாக இருந்திருக்கிறோம்.

வியாபாரமும் மாறியது. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் வரை பிரிஞ்சாங்கில் கார்கள் நகராது. அந்த நேரத்தில் கிடைப்பதுதான் கடை வாடகை. ஸ்ட்ராபெரி மிட்டாய், தேயிலைப் பொட்டலம், குளிருக்குக் குல்லா என்று முன்வரிசைச் சரக்கெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு என ஆகிவிட்டது. அரிசி மூட்டை பின்னறைக்குப் போனது.

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை. கடை நிறையக் கூட்டம். தோட்டத்துப் பாட்டி ஒருவர் ஐந்து கிலோ அரிசியும் எண்ணெயும் கேட்டு ஓரமாக நின்றார். அத்தா காலத்திலிருந்து எங்களிடமே வாங்குபவர். "பாட்டி, கூட்டமா இருக்கு, திங்கட்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டோம். பாட்டி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்தத் திங்கட்கிழமை வரவில்லை; அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. பேரன் மாதம் ஒருமுறை ஈப்போவில் பேரங்காடியிலிருந்து மொத்தமாக வாங்கி வருவதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஒரே நாளில் சாலை வெறிச்சோடியது. ஸ்ட்ராபெரி மிட்டாய் அலமாரியிலேயே காலாவதியானது. வீட்டுக்கு ஒருவர், பத்துக் கிலோமீட்டருக்குள் மட்டுமே பொருள் வாங்கலாம் என்றபோது, எங்களைத் தேடி வந்தவர்கள் தோட்டத்து மக்கள்தாம். இரண்டாவது வாரம் அந்தப் பேரன் சாமான் சீட்டோடு வந்தான். "பாய், இன்னைக்குத் திங்கட்கிழமைதானான்னு பாட்டி கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான். அன்று புதன்கிழமை. எங்களுக்குப் பதில் வரவில்லை. அரிசியை நாங்களே லயத்துக்குக் கொண்டுபோய் இறக்கி, பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அந்த மாதங்களில் கடை மூடாமல் இருந்தது அல்லாஹ்வின் அருளாலும் அந்த மக்களாலும்தான். வாரக்கடைசி வியாபாரம் லாபம் தரும். கடையைக் காப்பாற்றுவது வார நாள் வாடிக்கையாளர். சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் இன்றைய வாடகையைக் கட்ட முடியாது. ஆனால் அதை மட்டும் நம்பினால், ஒரு மண்சரிவோ ஒரு நோயோ கல்லாவைக் காலி செய்துவிடும்.

ஆகவே பொன்விழா ஆண்டில் மூன்று கோரிக்கைகள். முதலாவது, ஈப்போவிலிருந்து தனித்தனியாகச் சரக்கு ஏற்றுவதை விட்டு, வாரத்தின் நடுவில் நமக்குள் ஒரே லோரி அமர்த்துவோம். செலவு குறையும், வெள்ளிக்கிழமை நெரிசலிலும் சிக்க வேண்டாம். இரண்டாவது, புதிதாகக் கடை எடுக்கும் இளையவர்களின் முன்பணத்துக்குச் சங்கம் வட்டியில்லா அழகிய கடன் நிதி தொடங்கட்டும். மூன்றாவது, தோட்டத்து முதியவர்களுக்கு வாரம் ஒருநாள் வீட்டுக்கே சாமான் கொண்டுபோய்க் கொடுப்போம். வங்காளதேசத் தொழிலாளிக்கும் நேப்பாளத் தொழிலாளிக்கும் அதே மரியாதை கிடைக்கட்டும். நம் பாட்டன்மாரும் இந்த நாட்டுக்கு அப்படி வந்தவர்கள்தாமே.

இப்போது கியூஆர் அட்டையைக் காட்டித்தான் பணம் வாங்குகிறோம். ஆனாலும் கல்லாவுக்குள் ஒரு 555 புத்தகம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பாட்டியின் பெயர். அந்தப் பக்கம் மூடிவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் தலைமுறையின் பொறுப்பு. பெரியவர்களாகிய நீங்கள் துஆச் செய்யுங்கள்.