வாடகைக்கு ஒரு கிரகம்

'ஸ்டார் ட்ரெக்' தொடர் பார்த்திருப்பீர்கள். வாரம் ஒரு கிரகம். இறங்குவார்கள், சாதாரண உடுப்போடு நடப்பார்கள். மூச்சுத் திணறவே திணறாது. விண்வெளி உடை தைக்கிற செலவு தயாரிப்பாளருக்கு மிச்சம்!

நிஜம் வேறு. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. அதைச் சுற்றும் ஒரு கிரகத்தை 2016-இல் கண்டுபிடித்தார்கள். அங்கே 11 நாள் போனால் ஒரு வருஷம் முடிந்துவிடும். 'உயிர் வாழத் தகுந்த தூரத்தில் இருக்கிறது' என்றார்கள். உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள். தண்ணீர் இருந்தால் உறையாமல், ஆவியாகாமல் நிற்கக்கூடிய தூரம். அவ்வளவுதான். தண்ணீர் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. காற்று இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

தெருவில் 'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்குகிறது. குழாயில் தண்ணீர் வருமா என்று போர்டு சொல்லுமா? உள்ளே போய்த் திறந்து பார்த்தால்தானே தெரியும்!

அந்த நட்சத்திரமோ அடிக்கடி சீறும். கதிர்வீச்சை வாரி இறைக்கும். அங்கே காற்று மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் வெள்ளி கிரகம், அளவில் ஏறக்குறைய பூமிதான். ஆனால் அங்கே தரையில் ஈயம் வைத்தால் உருகிவிடும்.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே 5,000-க்கும் மேற்பட்ட கிரகங்களைக் கண்டுபிடித்தாயிற்று. மனிதன் சுவாசிக்கக்கூடிய காற்று அவற்றில் ஒன்றில்கூட இன்னும் தென்படவில்லை.