காணாத அன்பும் கேட்கும் காசும்

(நற்பிட்டிமுனையில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

வழமையாக நாம் கூடினால் சேமலாப நிதி, பிள்ளைகளின் போசாக்கு, டெங்கு என்றுதான் பேசுவோம். இன்று கைத்தொலைபேசி வழியாக அன்பு காட்டி காசு பறிக்கிற மோசடியைப் பற்றிப் பேசப்போகிறோம். கொஞ்சம் கூச்சமான விடயம்தான். ஆனால் நாம் கூச்சப்பட்டுப் பேசாமல் இருப்பதுதான் மோசடிக்காரனுக்கு வசதி.

இன்று நம்மில் பலரிடம் பேஸ்புக், வட்ஸ்அப், இமோ எல்லாம் இருக்கிறது. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற மகனின் முகத்தை அதில்தான் பார்க்கிறோம். அது நல்ல காரியம். அதே வழியாகத்தான் அந்நியனும் வீட்டுக்குள் வருகிறான்.

அவன் எப்படி வருகிறான்? தன்னை வெளிநாட்டு டொக்டர் என்பான், கப்பல் கப்டன் என்பான், இராணுவ அதிகாரி என்பான். மனைவி இறந்துவிட்டாள், ஒரு பிள்ளை மட்டும் இருக்கிறது என்பான். படம் அழகாக இருக்கும். அது வேறு யாரோ ஒருவருடைய படம். காலையில் ஒரு செய்தி, இரவில் ஒரு செய்தி. சாப்பிட்டாயா, காய்ச்சல் சுகமா என்று கேட்பான். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இது நடக்கும். அதுவரை காசைப் பற்றி ஒரு சொல் வராது.

பிறகு ஒரு நாள், உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், நகையும் டொலரும் உள்ளே இருக்கிறது என்பான். இரண்டு நாளில் ஒரு பெண் தொலைபேசியில் பேசுவாள். தான் கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி, வரி கட்டினால்தான் பார்சலை விடலாம் என்று சொல்லி ஒரு வங்கிக் கணக்கு இலக்கம் தருவாள். இலங்கையில் பலர் ஏமாந்த வழி இதுதான். சுங்கத் திணைக்களமும் பொலிசாரும் பல தடவை எச்சரித்திருக்கிறார்கள். இதை நன்றாக மனதில் வையுங்கள்: தனி ஆளின் கணக்கில் வரி போடச் சொல்லிச் சுங்கத்தில் இருந்து யாரும் கோல் எடுப்பதில்லை. அரசாங்கத்துக்குக் கட்டுகிற காசுக்கு ரசீது உண்டு.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தாய், கணவரை இழந்தவர், சங்கிலியை ஈடு வைத்து 85,000 ரூபா போட்டார். அடுத்த நாள் இன்னொரு கோல். உள்ளே டொலர் இருப்பதால் ஒரு சான்றிதழ் வேண்டும், இரண்டு இலட்சம் போடு என்றார்கள். போடாவிட்டால் பொலிஸ் வரும் என்று வெருட்டினார்கள். சீட்டுக் காசும் போனது. அவர் ஏழு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. நகைக்கு வட்டி மட்டும் மாதாமாதம் கட்டினார். போன காசை விட, தனியே சுமந்த அந்த ஏழு மாதம்தான் அவரை உருக்கியது.

படிக்காத ஆட்கள்தான் ஏமாறுவார்கள் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 70,000 பேர் இப்படி ஏமாந்ததாக முறையிட்டார்கள். இழந்த தொகை 130 கோடி டொலர். பிரான்சில் ஒரு பெண்ணிடம், பிரபல சினிமா நடிகர் என்று சொல்லி 8,30,000 யூரோ பறித்தார்கள். 2025 ஜனவரியில் அது உலகத்துக்கே தெரியவந்தது. அங்கேயும் ஆரம்பத்தில் கேட்டது, பரிசுப் பொருளுக்குச் சுங்கவரிதான்! நடிகர் ஆஸ்பத்திரியில் கிடப்பதுபோல் கணினியால் செய்த படங்களையும் அனுப்பினார்கள். ஆகவே படத்தைப் பார்த்தேன், வீடியோவில் முகம் கண்டேன் என்பது இந்தக் காலத்தில் போதாது.

இதற்குப் பின்னால் பெரிய கூட்டங்கள் வேலை செய்கின்றன. மியன்மாரின் மியாவடிப் பக்கம் இப்படிப்பட்ட முகாம்கள் இருந்தன. கணினி வேலை என்று நம்பிப்போன நம் நாட்டு இளைஞர்களும் அங்கே அடைபட்டார்கள். 2024இல் சிலர் மீட்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள். தம்பிமாரே, கூடிய சம்பளம் என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் கூப்பிட்டால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் புறப்படாதீர்கள்.

இன்னொன்று. உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் தா, மாதம் ஒரு தொகை தருகிறோம் என்று சிலர் வருவார்கள். அந்தக் கணக்கில்தான் ஏமாந்தவர்களின் காசு வந்து விழும். பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரனை. பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் 2006 முதல் நாட்டில் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது லேசில்லை.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? நேரில் காணாத ஆளுக்குக் காசு அனுப்புவதில்லை என்று வீட்டிலே ஒரு சட்டம் வைப்போம். காசு என்ற சொல் வந்த உடனே, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுவோம். யாருக்கும் சொல்லாதே என்று அவன் கேட்டால், அதுவே பெரிய அடையாளம். அந்தரங்கப் படம் ஒன்றும் அனுப்பவேண்டாம். பிறகு அதை வைத்தே மிரட்டுவான்.

காசு போட்டுவிட்டால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். நேரம் போகப்போகக் காசு கை மாறிவிடும். செய்திகளை அழிக்காதீர்கள். காசு போட்ட சீட்டு, தொலைபேசி இலக்கம், கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். பெண்களுக்கு 1938 இருக்கிறது. போன காசை மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் போடு என்று யாராவது வந்தால், அவனும் அந்தக் கூட்டத்து ஆள்தான்.

கடைசியாக ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏமாந்த பிள்ளையை ஏசாதீர்கள். ஊரில் கதைத்துத் திரியாதீர்கள். தனிமையில் ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்குவது குற்றமில்லை. அந்த ஏக்கத்தை விற்பவன்தான் குற்றவாளி. நாம் ஏசினால் அடுத்த பிள்ளை வாய் திறக்காது, இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் காசு போடும். தெரிந்ததை இன்றே பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து பேசலாம். கேட்டதை நாம் வெளியில் சொல்லமாட்டோம்.