வழி விடுக: யார், யாருக்கு?

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குப் பெரும்பாலும் தொல்லை தருவன நெடிய சட்டப் பிரிவுகள் அல்ல. இரண்டு சொல் வாசகங்களே. ‘கிவ் வே’ என்னும் சாலைப் பலகையை ‘வழி விடுக’ என்று தமிழாக்கிவிடலாம். விடவேண்டியவர் யார், பெறுகிறவர் யார் என்பது அப்பலகையில் இராது. அது எத்திசையை நோக்கி நிற்கிறது என்பதைக் கொண்டே அறிய வேண்டும்.

தலைகீழாக நிற்கும் முக்கோணம், வெள்ளை நடு, சிவப்பு விளிம்பு: இதுவே அதன் வடிவம். அழுக்கேறினாலும், பின்புறமிருந்து பார்த்தாலும் பிறிதொன்றாக எண்ண இடமிராது. நேராக நிற்கும் முக்கோணத்துள் நடந்து செல்லும் மனித உருவம் காணப்பட்டால், மக்கள் கடக்கும் இடம் முன்னே வருகிறது என்று பொருள். இரண்டும் வண்டி ஓட்டுவோருக்கு இட்ட குறிகள். விளக்கோ காவலரோ இல்லாத கடவையில் ஓட்டுநர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பதே விதி. எத்தனை பேர் விடுகிறார்கள் என்பதைத் தில்லியிலும் மும்பையிலும் வாழும் நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை!

இவ்விதிகளுக்கு அடிப்படையான 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு சிறு தொடர் உண்டு. நிலையான தண்டவாளத்தின்மீது ஓடும் வண்டி ‘மோட்டார் வாகனம்’ ஆகாது என்கிறது அது. காகிதத்தில் பலமுறை படித்திருந்தும், அத்தொடரின் பொருள் நமக்குக் கல்கத்தாவில்தான் விளங்கியது.

உத்தியோக மாற்றத்தின் பேரில் நாம் அங்கே குடியிருந்த காலம், 2011-ஆம் ஆண்டு. தமிழர் பலர் வாழும் லேக் மார்க்கெட் பகுதியில் வீடு. ஊரிலிருந்து தகப்பனார் வந்திருந்தார். மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னையில் 1895-இல் தொடங்கிய டிராம் 1953-இல் நின்றபோது அவருக்குப் பத்து வயது. “டிராம் எனக்குப் புதுசா?” என்பார். அவர் அறிந்தது டிராமில் ஏறிச் செல்வதை. அதன் குறுக்கே கடப்பதை அன்று.

ஒரு மாலை, மழை விட்ட நேரம். ராஷ்பிஹாரி அவென்யூவின் வெள்ளைக் கோடுகளில் இறங்கி, பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை உயர்த்திக்கொண்டே நடந்தார். பஸ் நின்றது. டாக்சியும் நின்றது. அப்பால் நடுச்சாலையில் ஒரு டிராம் கடந்து சென்றது. அதன் வால் மறைந்ததும் அடி எடுத்து வைத்தார். எதிர்த் திசையில் மற்றொரு டிராம், முதலதன் மறைவிலிருந்து வெளிப்பட்டது. காலால் அழுத்தும் மணி இடைவிடாது ஒலித்தது, இரும்பு கிறீச்சிட்டது. ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. நம்மால் அசையக்கூட முடியவில்லை.

ஓட்டுநர் வையவில்லை. தமது இரு கைகளையும் விரித்துக் காட்டி, “தாது, திருப்புவதற்கு என்னிடம் சக்கரம் இல்லை” என்றார் வங்காளியில். தாது என்றால் தாத்தா. உண்மைதானே! மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி ஒன்று, பிரேக் ஒன்று; அவ்வளவே அவர் வசம். விலக விரும்பினாலும் விலக இயலாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றும் பிடிப்பு, ரப்பர் சக்கரம் சாலையைப் பற்றும் பிடிப்பைவிடக் குறைவு. ஈரமும் உதிர்ந்த இலையும் சேர்ந்தால் இன்னும் குறையும். சக்கரத்தின் முன் மணல் தூவும் ஏற்பாடு டிராம்களில் இருப்பது இதனாலேயே. வளைவில் வண்டியின் உடல் தண்டவாளத்துக்கு வெளியே பிதுங்கி வருவதால், ஓரமாய் நிற்பவரும் தப்பினார் என்று சொல்வதற்கில்லை.

சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இதனைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. கடவைக் கோடுகளில் நடப்பவருக்கு மற்ற வண்டிகள் வழிவிட வேண்டும். டிராமுக்கு விலக்கு உண்டு. பிரிட்டனில் டிராமுக்கெனத் தனி விளக்கு: படுத்த வெள்ளைக் கோடு நில் என்றும், நிமிர்ந்த கோடு செல் என்றும், சாய்ந்த கோடு அப்பக்கம் திரும்பு என்றும் பொருள்படும். மெல்போர்னில் ‘டி’ என்னும் எழுத்து வெண்மையாக ஒளிரும்போது, கார்களுக்குச் சிவப்பு எரிந்தாலும் டிராம் புறப்படும். பிள்ளைகளைக் காண அந்நாடுகளுக்குச் செல்லும் பெரியோர், கார்கள் நின்றன, ஆகவே எல்லாம் நின்றன என்று எண்ணுவது இங்கேதான். கார்களின் விளக்கும் டிராமின் விளக்கும் நமக்கு உரியன அல்ல. நமக்கு உரியது நடக்கும் மனித உருவம் ஒன்றே.

கல்கத்தாவில் 1873-இல் குதிரை இழுத்தும், 1902 முதல் மின்சாரத்திலும் ஓடிய டிராமை, மைதானம் ஒட்டிய ஒரு தடம் நீங்கலாக நிறுத்தப்போவதாக 2024-இல் மாநில அரசு அறிவித்தது. நமக்கு அதில் வருத்தம் உண்டு. அதன் மணியோசை கேட்டு ஒருமுறை உயிர் நடுங்கியவர்கள் நாம், ஆயினும் வருத்தமே.

தகப்பனார் ஊர் திரும்பிய நாளில் எதிர்ப்புறம் டாக்சி காத்திருந்தது. ஹவுராவில் ரயிலுக்கு நேரமாகிக் கொண்டிருந்தது. ஒரு டிராம் போயிற்று. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். “அப்பா, போகலாமே” என்றோம். “இரு, இன்னொண்ணு வரும்” என்றார். வரவில்லை. வெறும் தண்டவாளத்தை இரு புறமும் நோக்கிய பின்னரே பெட்டியைத் தூக்கினார்.