கொங்கோர்ட் சொனாட்டாவும் நம் ஞானப்பாட்டும்

(நூற்றாண்டு விழா இசை மாலையில் ஆற்றிய உரை)



பியானோ என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவு வருவது லண்டன் பரீட்சைதான். விரல் ஒரு கட்டை தவறினால் புள்ளி போய்விடும். அப்படிப் பழகிய காதுகளோடு இன்றைய ஒத்திகையைக் கேட்ட சிலர், "இதென்ன, பிழைபிழையாய் அடிக்கிறியள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இதை எழுதிய சார்ல்ஸ் ஐவ்ஸ் (1874–1954) தொழிலால் ஒரு காப்புறுதிக்காரர். கொங்கோர்ட் என்பது அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர். அங்கு வாழ்ந்த எமர்சன், ஹோதோர்ன், அல்கொட் குடும்பம், தோரோ ஆகியோருக்கு ஆளுக்கொரு பகுதியாக நான்கு பகுதிகள். பெரும்பாலும் தாளக்கோடுகளே இல்லை. இரண்டாம் பகுதியில் 14¾ அங்குல மரச்சட்டம் ஒன்றைக் கட்டைகள் மேல் வைத்து மெல்ல அழுத்தவேண்டும்! நியூயோர்க் மேடையில் ஜோன் கேர்க்பற்றிக் இதை முழுமையாக வாசித்தது 1939இல்.

தலைப்பில் ஐவ்ஸ் குறித்த காலம் 1840–60. அதே மசாசுசெட்ஸின் பொஸ்டன் நகரிலிருந்து இயங்கிய சங்கந்தான் நம் குடாநாட்டுக்கு அமெரிக்கன் மிஷனை அனுப்பியது. 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையில் எலைசா அக்னியூ அம்மையார் பல்லாண்டு பணியாற்றியதும் அந்தக் காலத்தில்தான். அவர்களோடு ஞானப்பாட்டு மெட்டுகளும் கப்பலேறி வந்தன.

நாம் இன்று கேட்கப்போவது மூன்றாம் பகுதி, அல்கொட் வீடு. 'லிட்டில் விமன்' படித்தவர்களுக்கு அந்த வீட்டையும் பெத்தின் பழைய பியானோவையும் சொல்லத் தேவையில்லை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியின் நான்கு சுரங்களும் 'மிஷனரி சாண்ட்' என்ற ஞானப்பாட்டு மெட்டும் இதில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எது எங்கே முடிகிறது என்று பிரிப்பது கடினம். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல.

அப்படியானால் அந்தப் "பிழை"? ஐவ்ஸின் தகப்பனார் பாண்ட் வாத்தியத் தலைவர். சுதி விலகி உரத்துப் பாடிய ஒரு கல்வேலைக்காரரைப் பற்றிப் பலர் குறைசொன்னபோது, சுரத்தை விட்டு அந்த மனிதரின் முகத்தைப் பாருங்கள் என்றாராம். மகன் அதை மறக்கவில்லை.

நமக்கும் அது புதிதல்ல. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பியானோவைத் தூக்கிக்கொண்டு எவராலும் நடக்க முடியவில்லை. பாட்டு மட்டும் வாயிலிருந்தது. தங்கிய இடங்களின் விறாந்தைகளில், சுதி பிடிக்க ஒரு ஆர்மோனியமும் இல்லாமல், ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாக நம்மில் எத்தனை பேர் பாடினோம்! பரீட்சகர் கேட்டிருந்தால் ஒருவரும் சித்தியடைந்திருக்க மாட்டோம். ஐவ்ஸ் எழுதிவைத்த ஓசையை நாம் அந்த விறாந்தைகளிலேயே கேட்டுவிட்டோம் என்றுதான் நமக்குப் படுகிறது.

ஆறு நிமிடம் அளவில்தான் போகும். தொடக்கம் மிக மெல்லியது, ஆகையால் மின்விசிறிகளைச் சற்று நிறுத்தச் சொல்லியிருக்கிறோம், வெக்கையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்த நான்கு சுரங்களும் ஸி மேஜரில் பெரிதாய் எழும்பும்.