திட்டம் வந்தது, பலன் வந்ததா?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், அரசாங்க வளர்ச்சித் திட்டங்களைக் கண்காணிப்பதும் மதிப்பிடுவதும். இது அதிகாரிகளின் வேலையாயிற்றே, நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஆனால் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று.

வெட்டிய பாலை வாளியில் ஏந்தி நிறுவைக்குக் கொண்டு போகிறோம். வாளியின் எடை ஒரு கணக்கு. கிராணியார் அதோடு விடுவதில்லை. பாலில் நீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று சோதிக்கிறார். மழைநீர் கலந்தால் வாளி நிறையும்; ரப்பர் கூடாது. திட்டங்களும் அப்படித்தான். எத்தனை வெள்ளி செலவாயிற்று, எத்தனை குழாய் போடப்பட்டது, எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்பவை வாளியின் எடை. குழாயில் தண்ணீர் வந்ததா, பயிற்சி பெற்ற பிள்ளைக்கு வேலை கிடைத்ததா என்பதே ரப்பர். வேலை நடக்கும்போதே உடனிருந்து பார்ப்பது கண்காணிப்பு. முடிந்தபின் பலனை எடை போடுவது மதிப்பீடு. நம் வாயில் வழங்கும் கங்காணி என்ற சொல்லும் கண்காணி என்பதிலிருந்து வந்ததுதான்.

நம் நாட்டில் இந்த வேலைக்கு நல்ல வரலாறு உண்டு. 1959-இல் துன் அப்துல் ரசாக் கிராம மேம்பாட்டு அமைச்சைப் பொறுப்பேற்றார். 1960 முதல் ஒவ்வொரு மாவட்டத்திற்கும் சிவப்புப் புத்தகம் என்று ஒன்று வைக்கப்பட்டது. எந்தக் கிராமத்திற்குச் சாலை வேண்டும், எங்கே பள்ளி வேண்டும், எங்கே தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் அதில் வரைபடங்களாக இருந்தன. கோலாலம்பூரிலும் மாவட்டங்களிலும் நடவடிக்கை அறைகள் அமைத்து, வேலை எந்த அளவில் நிற்கிறது என்று சுவரில் குறித்தார்கள். துன் ரசாக் அவர்களே ஊர் ஊராகச் சென்று நேரில் பார்த்தார். பின்னர் 1971-இல் பிரதமர் துறையின் கீழ் திட்ட அமலாக்கத்தை ஒருங்கிணைக்கும் பிரிவு ஏற்பட்டது. பிற நாட்டினரும் வந்து பார்த்துப் பாராட்டிய முறை இது.

ஆனால் அந்தக் கணக்கில் தோட்டத்து லயங்கள் இடம்பெறவில்லை. தோட்டம் தனியார் நிலம். அங்குள்ள வீடு, தண்ணீர், சாலை எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் ஒதுங்கி நின்றன. பக்கத்துக் கிராமத்துக்கு வந்த சாலையும் விளக்கும் தோட்ட வாசலோடு நின்றுபோன காலம் அது. இதில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கணக்கில் ஏறாதவனுக்குப் பங்கு வராது. ஆகவே எந்தத் திட்டத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அந்தப் பட்டியலில் நாம் இருக்கிறோமா என்பதே.

அடுத்தது அளவுகோல். 1970-இல் தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கு 49.3 குடும்பங்கள் வறுமையில் இருந்தன. 2016-இல் நாடு முழுவதற்கும் அது 0.4 என்று அரசாங்கக் கணக்கு சொன்னது. பெரிய முன்னேற்றம் நடந்தது உண்மை. ஆயினும் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் சுமார் 980 வெள்ளிக்குக் கீழே இருந்தால்தான் ஏழை என்று அந்தக் கோல் அளந்தது. நால்வர் உள்ள வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 வெள்ளிதான். 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சார்பில் வந்த பிலிப் ஆல்ஸ்டன் என்ற அறிஞர், இந்தக் கோடு மிகத் தாழ்வானது என்று சுட்டிக்காட்டினார். 2020-இல் அரசாங்கம் கோட்டை 2,208 வெள்ளியாகத் திருத்தியது. அந்தப் புதிய கோலால் அளந்தபோது, 2019-இல் வறுமை நூற்றுக்கு 5.6 என்று தெரிய வந்தது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள்! கோல் பிழையானால் துணி முழுதும் பிழையாகும் என்பது தையல்காரருக்குத் தெரியும். திட்டம் போடுவோருக்கும் அது தெரிய வேண்டும்.

மக்களைக் கேட்டுச் செய்த முயற்சியும் நம் பினாங்கிலேயே உண்டு. 2012-இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து, ஜார்ஜ்டவுனில் ஜாலான் சுங்கை அடுக்குமாடியிலும் செபராங் பிறையில் அம்பாங்கான் அடுக்குமாடியிலும் ஒரு முயற்சியைத் தொடங்கின. ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் எல்லாரிடமும் தனித்தனியே தேவையைக் கேட்டு, பணத்தை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்போரையே வாக்களிக்கச் செய்தார்கள். பெண்களைத் தனியே கேட்டது நல்ல யோசனை. வீட்டில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்பது சமையலறையில் நிற்பவருக்குத்தானே முதலில் தெரியும்?

நாம் என்ன செய்யலாம்? தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளி இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் இலாகா. “தண்ணீரே வருவதில்லை ஐயா” என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். ஒரு பள்ளிக் கொப்பியில், எந்தத் தேதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை வீடுகளுக்கு வரவில்லை என்று ஒரு மாதம் எழுதிக்கொண்டு போனால் அது சான்று. தண்ணீர் ஒழுங்காக வந்த நாளையும் எழுதவேண்டும். குறையை மட்டும் எழுதிய கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

திட்டம் தொடங்குமுன் இருந்த நிலையையும் குறித்து வைப்போம். முன்பிருந்தது தெரியாமல் முன்னேற்றம் தெரியாது. மழை பெய்து கிணறு நிறைந்தால் அதைத் திட்டத்தின் பலன் என்று எழுதுவதும் நேர்மையன்று. திட்டத்தால் வந்தது எது, தானாக வந்தது எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். ஓராண்டு கழிந்தபின் அந்தப் பலன் நிற்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

கேள்வி கேட்பது அதிகாரிகளைப் பகைப்பதாகாது. தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்று நம் அரசியல் சாசனத்தின் 107-ஆவது பிரிவே விதித்திருக்கிறது. அரசாங்கமே தன் கணக்கைப் பிறர் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கும்போது, நாம் தயங்குவானேன்?

செபராங் பிறையில் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் இருப்போருக்கும், அடுக்குமாடிக்குக் குடிபோனோருக்கும் இந்தப் பழக்கம் ஒன்றேதான். எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கின்றன. அடுத்து வரும் திட்டத்தின் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள், தேதியையும் இடுங்கள்.