நகரத்துக்கு முகம் கொடுப்பவர்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



உங்களுக்குப் பழக்கமான ஒரு நகரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள். முதலில் மனதில் எழுவது எது? ஆறா, கோயிலா, பஸ் நிலையமா?

இந்தச் சாதாரணக் கேள்வியை ஓர் ஆராய்ச்சியாகவே செய்தார் அமெரிக்க நகர அமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச். பொஸ்டன், ஜேர்சி சிற்றி, லொஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மூன்று நகரங்களில் வாழ்ந்தோரைச் சந்தித்து, ‘உங்கள் நகரத்தை வரைந்து காட்டுங்கள், வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குப் போகும் வழியைச் சொல்லுங்கள்’ என்று கேட்டார். அதன் முடிவுகளை 1960இல் நூலாக வெளியிட்டார்.

பொஸ்டன்வாசிகள் ஆற்றையும் பூங்காவையும் பழைய குன்றுப் பகுதியையும் உற்சாகமாகச் சொன்னார்கள். லொஸ் ஏஞ்சல்ஸ்வாசிகளுக்குத் தங்கள் நகரம் பரந்து விரிந்து கிடக்கும் ஒன்றாகவே தோன்றியது. ஜேர்சி சிற்றிக்காரர்களின் பதில்தான் பரிதாபமானது. சொல்லிக்கொள்ள அவர்களிடம் அதிகம் இருக்கவில்லை. ஆற்றுக்கு அப்பால் தெரியும் நியூயோர்க்கின் கட்டடங்களையே தங்கள் ஊரின் சிறந்த காட்சியாக அவர்கள் குறிப்பிட்டார்கள். தன் முகத்தை அடுத்தவர் வீட்டுக் கண்ணாடியில் பார்ப்பது போன்ற நிலை இது.

அமெரிக்க நகரங்கள் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தவை, ஆகவே எல்லாம் ஒரே மாதிரி என்று சொல்பவர்கள் உண்டு. 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி நியூயோர்க்கின் மன்ஹற்றன் தீவில் தெருக்களுக்குப் பெயர் வைக்கவில்லை, இலக்கம்தான் வைத்தார்கள். ஆனால் இன்று 42ஆம் தெரு என்றால் நாடக அரங்குகள் நினைவுக்கு வருகின்றன. 125ஆம் தெரு என்றால் கறுப்பின மக்களின் ஹார்லம் நினைவுக்கு வருகிறது. திட்டம் போட்டவர் இலக்கம் கொடுத்தார். வாழ்ந்தவர் அதற்கு உயிர் கொடுத்தார்.

நியூ ஓர்லியன்ஸ் இதற்கு இன்னும் பெரிய சான்று. அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆபிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கொங்கோ சதுக்கம் என்ற திடலில் கூடிப் பறையடித்து ஆடினார்கள். அந்த மக்களின் வழித்தோன்றல்களிடமிருந்துதான் பின்னர் ஜாஸ் இசை பிறந்தது. இன்று அந்த நகரத்தின் அடையாளம் எது என்று கேட்டால், ஜாஸ் என்றே உலகம் சொல்லும். எவரை நகரம் தன் கணக்கில் சேர்க்கவில்லையோ, அவர்களே அதற்கு முகம் கொடுத்தார்கள்.

நேயர்களே, இதையெல்லாம் படித்தபோது என் மனம் சப்ரகமுவவுக்குத்தான் போனது.

இரத்தினபுரி என்றால் மாணிக்கக்கல். மகா சமன் தேவாலயம், களு கங்கை, பலாபத்தல வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போகும் பழைய பாதை. கேகாலை என்றால் பின்னவலை யானைகள். சுற்றுலாப் பிரசுரங்கள் காட்டும் படம் இதுதான். அது பொய்யல்ல. ஆனால் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களும் றப்பர் பால் வெட்டியவர்களும் அந்தப் படத்தில் எங்கே?

ஹற்றன், தலவாக்கலை போன்ற நகரங்களில் தோட்டத் தமிழரின் வாழ்வு கடைவீதியிலேயே தெரியும். சப்ரகமுவத் தோட்டங்களோ கிராமங்களுக்கிடையில் சிதறிக் கிடப்பவை. நகரத்துக்கு நம்மவர் வருவார்கள்; போவார்கள். நகரம் அவர்களை அறியாது.

லிஞ்சின் கேள்வியை நான் என் பெரியம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். இரத்தினபுரிப் பக்கத் தோட்டமொன்றில் பெயர் பதிந்து, பென்சன் வாங்கியவர் அவர்.

“டவுன்ல நமக்கு என்னா தம்பி இருக்கு? பஸ்ஸவிட்டு எறங்குனா ஆசுபத்திரி. அங்கிட்டு அடகுக்கட, இங்கிட்டு புடவக்கட. அம்புட்டுத்தான்” என்றார்.

எனக்கு ஜேர்சி சிற்றி நினைவுக்கு வந்தது. பிறகு, “சரி, தோட்டத்தச் சொல்லுங்க” என்றேன். அரைமணி நேரம் பேச்சு நிற்கவில்லை. மேட்டு லயம், பணிய லயம், பீலியடி, பெரட்டுக்களம், முனியாண்டி கோயில் வளைவு, பழைய ஸ்டோர், காமன் கூத்து ஆடிய திடல். தோட்டத்து ஆபீஸ் வரைபடத்தில் வெறும் இலக்கமாக இருக்கும் ஒவ்வொரு மலைக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை இருந்தது. ஒன்றுபோல் கட்டிய லயங்களில் ஒன்றுபோல் இல்லாத ஓர் ஊரை இந்த மக்கள் கட்டியிருக்கிறார்கள்.

வழி சொல்லும்போது “பழைய டேசனடி” என்றார். கொழும்பிலிருந்து வந்த களனிவெளிச் சிறுபாதைப் புகையிரதம் 1912இல் இரத்தினபுரியை அடைந்தது. அவிசாவளைக்கு அப்பால் அந்தப் பாதை 1970களில் கைவிடப்பட்டது. தண்டவாளம் போய்விட்டது, பெரியம்மாவின் வரைபடத்தில் அது இன்னும் இருக்கிறது.

இந்தப் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று சொன்னது. 1977லும் 1983லும் வன்செயல்கள் நடந்தன. ஒவ்வொரு முறையும் லயங்கள் காலியாகின. ஆள் போனால் பெயரும் போகும். பெயர் போனால் இடம் மறுபடியும் இலக்கமாகிவிடும்.

லிஞ்சின் ஆய்விலும் ஒரு குறை உண்டு. அவர் விரிவாகக் கேட்டது பொஸ்டனில் ஏறத்தாழ 30 பேரிடம், மற்ற இரு நகரங்களிலும் 15 பேர் வீதம். அவர்களில் பெரும்பாலோர் உயர் உத்தியோகம் பார்த்தவர்கள். அதை அவரே ஒப்புக்கொண்டார். தெருவைக் கூட்டியவரிடம் கேட்டிருந்தால், ஜேர்சி சிற்றிக்கும் ஒரு முகம் கிடைத்திருக்குமோ என்னவோ!

சில வருடங்களுக்கு முன் நீலகிரியில் கூடலூருக்குப் போயிருந்தேன். தேநீர்க் கடையில் ஒரு முதியவரிடம், “ஐயாவுக்கு எந்த ஊர்?” என்று கேட்டேன். அங்கே வந்து பல பத்தாண்டுகள் ஆனவர். “எறக்குவான” என்றார் சட்டென்று. பிறகு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு கிழித்து, பஸ்ஸை எங்கே விட்டு இறங்க வேண்டும், எந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும், லயம் எந்தப் பக்கம் என்றெல்லாம் காட்டினார். இறக்குவானை அவரை நினைவில் வைத்திருக்கிறதோ இல்லையோ, அவர் இறக்குவானையை வைத்திருந்தார்.

நாங்கள் எழுந்தபோது வந்தவர்களின் காலடியில் அந்த வரைபடம் அழிந்துபோனது.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா, ஒரு தாத்தா இருப்பார். இன்றே ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். “ஊரைச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். நம் நகரங்களின் படத்தில் விடுபட்ட பகுதி அதுதான்.